ஏரிக்கு ஒன்று, தோப்புக்கு ஒன்று: பறவையை அடையாளம் காட்டும் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஜனவரி மாதக் காலையில் ஊசுட்டேரிக் கரையில் நின்றால், ஏரியின் நடுவே வாத்துக் கூட்டம் மிதப்பது தெரியும். பெரும்பாலும் 200 மீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். கிழக்கே பார்த்து நின்றுவிட்டால் வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். பறவைகள் கரும்புள்ளிகளாகத்தான் தெரியும். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தை வைத்துப் பறவையைச் சொல்லும் செயலியிடம் கொடுத்தால் உருப்படியான பதில் எதுவும் வராது. அதே செயலி, அன்று மாலையே ஒரு முந்திரித் தோப்பில், கண்ணில் படவே படாத ஆறுமணிக்குருவியைக் குரலை மட்டும் கேட்டுச் சொல்லிவிடக்கூடும்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கே போகிறீர்கள், அங்கே பறவை கண்ணுக்குச் சிக்குமா, காதுக்குச் சிக்குமா? புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் சிறிது தூரத்துக்குள்ளேயே ஏரி, நெல்வயல், முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு, கழிமுகம், கடற்கரை எல்லாம் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றிலும் செயலி தடுமாறும் விதம் வேறு. உள்ளே என்ன நடக்கிறது என்பது கொஞ்சம் புரிந்துவிட்டால், எதை வைத்துக்கொள்வது, அது சொல்வதை எப்போது நம்புவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

செயலிக்குள் நடப்பது

பறவைச் செயலிகள் மூன்று வழிகளில் விடை தேடுகின்றன: படம், குரல், கேள்வி-பதில். சில செயலிகளில் மூன்றும் உண்டு, சிலவற்றில் ஒன்றுதான்.

படத்தில் தேடும் செயலிக்குப் பெயர் குறித்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்கள். புதுப் படம் கொடுத்தால், பழகிய படங்களில் எதன் சாயல் இதில் அதிகம் என்று கணக்குப் போட்டு, மதிப்பெண் வரிசையில் பெயர்களைக் காட்டும். அதற்குப் பறவையைத் 'தெரியாது', சாயல்தான் தெரியும். உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 1,300-க்கு மேல். அத்தனையிலும் சாயல் தேடினால் தென்னமெரிக்கப் பறவை ஒன்று பாகூர் வயலுக்கு வந்து உட்கார்ந்துவிடும். அதனால் நல்ல செயலி இடத்தையும் தேதியையும் கேட்டு வாங்கி, இந்தப் பகுதியில் இந்த வாரத்தில் வரக்கூடிய சில நூறு பறவைகளுக்குள் தேடலைச் சுருக்கிக்கொள்ளும். தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடமும் தேதியும் கேட்காத செயலியைப் பறவைக்காக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதிலிருந்தே ஒரு சிக்கலும் வருகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்ட படத்தில், எங்கே எப்போது எடுத்தது என்ற தகவல் உதிர்ந்துவிடும். கேமராவில் எடுத்துக் கைப்பேசிக்கு மாற்றிய படத்தில் தேதி இருக்கும், இடம் பெரும்பாலும் இருக்காது. கேமராக் கடிகாரம் தவறாக இருந்தால் தேதியும் கெடும். அப்போது செயலி இன்றைய தேதியையோ நீங்கள் இருக்கும் இடத்தையோ தானாக எடுத்துக்கொள்ளக்கூடும். டிசம்பரில் எடுத்த பழுப்புக் கீச்சான் படத்தை ஜூனில், தேதியைத் திருத்தாமல் கொடுத்துப் பாருங்கள்: கீச்சான் குளிர்கால விருந்தாளி என்பதால் பட்டியலில் அது பின்னுக்குப் போகும், அல்லது காணாமலே போகும். இடத்தையும் தேதியையும் கையால் மாற்ற வழி உள்ள செயலியாகப் பாருங்கள்.

குரலைக் கேட்கும் செயலியும் உண்மையில் படம்தான் பார்க்கிறது. ஒலியை அது நிறமாலைப் படமாக மாற்றுகிறது: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, ஒலி பலமாக இருக்கும் இடத்தில் அடர்த்தி. குயிலின் குரல் அந்தப் படத்தில் ஏறுமுகமான கோடுகளாகத் தெரியும். செம்மார்புக் குக்குறுவானின் 'டுக் டுக் டுக்' ஒரே உயரத்தில் வரிசையாக வைத்த புள்ளிகளாகத் தெரியும். திரையில் இந்தப் படம் ஓடுவதைப் பார்க்கப் பழகுங்கள். இரண்டே வாரத்தில் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். அதைத் திரையில் காட்டாத செயலியைவிடக் காட்டும் செயலி தொடக்கநிலையில் உள்ளவருக்கு மேல்.

கேள்வி-பதில் முறை பழையது, மெதுவானது. ஆனால் தூரத்துப் பறவைக்கு அதுதான் கைகொடுக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, என்ன நிறங்கள், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கேள்விகள். இதில் அளவு பற்றிய கேள்வியில் நம்மவர்கள் பலர் சறுக்குவதுண்டு. மெர்லின் போன்ற செயலிகளில் அளவு சிட்டுக்குருவி, ராபின், காகம், பெருவாத்து என்று வரும். அந்த ராபின் அமெரிக்க ராபின். ஏறத்தாழ 25 செ.மீ., அதாவது நம் மைனா அளவு. நம் ஊரில் வேலியோரம் வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் கருஞ்சிட்டுக்கும் ஆங்கிலத்தில் ராபின் என்றே பெயர். ஆனால் அது மிகவும் சிறியது. ராபின் என்றால் மைனா என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள். பெருவாத்து என்பதற்கு நாரை, கூழைக்கடா வரிசையை நினைத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட மெர்லின்தான் தொடங்குபவருக்கு முதல் செயலி என்பது எங்கள் தீர்ப்பு. முற்றிலும் இலவசம். படம், குரல், கேள்வி-பதில் மூன்றும் இருக்கின்றன. குரல் கேட்கும் வசதி 2021-இல் வந்தது. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே மூன்றும் வேலை செய்யும். ஒரு பறவைக்குப் பல படங்கள், ஆண் பெண் வேறுபாடு, குரல் மாதிரிகள் எல்லாம் அதிலேயே உண்டு.

இ-பேர்ட் அதே ஆய்வகத்தைச் சேர்ந்தது, 2002-இல் தொடங்கியது. இது பறவையைக் கண்டுபிடித்துக் கொடுக்காது. நீங்கள் பார்த்ததைப் பதிந்துகொள்ளும் குறிப்பேடு. ஒரே கணக்கில் இரண்டையும் பயன்படுத்தலாம். புதிதாக வருபவர்கள் இதை இறக்கிவிட்டு 'படம் போடும் இடம் எங்கே?' என்று தேடிக் களைத்துப்போவார்கள். அதன் பயன் வேறு: ஊசுட்டேரி போன்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அங்கே எந்தப் பறவை ஆண்டின் எந்த வாரங்களில் பதிவாகியிருக்கிறது என்று பட்டை வரைபடமாகக் காட்டும். புறப்படும் முன் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டுப் போனால், களத்தில் செயலி சொல்வது நம்பத் தகுந்ததா என்று அங்கேயே எடைபோடலாம்.

பேர்ட்நெட் குரலுக்கு மட்டுமானது. கார்னெல்லும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை 3 விநாடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் பார்க்கிறது. மெர்லின் சொன்னதில் சந்தேகம் வந்தால் இரண்டாவது கருத்துக் கேட்க நல்லது. ஐநேச்சுரலிஸ்ட் பறவையோடு நிற்காமல் செடி, பூச்சி, தவளை எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. படத்தைப் போட்டால் செயலியின் யூகத்தோடு, மற்ற பயனர்களும் பார்த்துத் திருத்துவார்கள். விடை உடனே வராது, ஆனால் மனிதக் கண் பட்ட விடை. அதே குடும்பத்தின் சீக் செயலிக்குக் கணக்கே தொடங்க வேண்டாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகளிடம் தயங்காமல் கொடுக்கலாம்.

இவை எல்லாமே இலவசம். செயலிக் கடையில் 'பறவை அடையாளம்' என்று தேடினால் இவற்றுக்கு முன்னால் வேறு பல வந்து நிற்கும். மூன்று நாள் இலவசம் என்று சொல்லி, கார்டு அல்லது யு.பி.ஐ. தானியங்கிக் கட்டணத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, நான்காம் நாளிலிருந்து வாரச் சந்தா பிடிக்கும் வகை அவற்றில் உண்டு. செயலியை அழித்தாலும் சந்தா நிற்காது. கடையின் சந்தாப் பக்கத்தில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். யார் உருவாக்கியது, எந்தத் தரவை வைத்துப் பழக்கியது என்று சொல்லாத செயலிக்குப் பணம் கொடுக்கக் காரணமே இல்லை.

இடத்துக்கு ஏற்ற தேர்வு

ஏரிகளில் தூரம்தான் எதிரி. ஊசுட்டேரி, பாகூர் ஏரி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி, காட்டுமன்னார்கோயில் வீராணம் எல்லாமே பரந்த நீர்ப்பரப்புகள். இங்கே 8 மடங்கு பெருக்கி 42 மி.மீ. முகப்பு லென்ஸ் கொண்ட இருகண்ணோக்கி எந்தச் செயலியையும்விட அதிகம் உதவும். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள். இருகண்ணோக்கியின் கண்ணாடியில் கைப்பேசிக் கேமராவை ஒட்டிவைத்துப் படமெடுத்தால், சுற்றிலும் கறுப்பு வட்டம் விழுந்தாலும் நடுவில் பறவை போதுமான அளவு தெரியும். அதை மட்டும் வெட்டிச் செயலியிடம் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கேள்வி-பதில். ஊசிவால் வாத்தின் நீண்ட வால், நாமக்கோழியின் வெள்ளை நெற்றி, முக்குளிப்பான் பொசுக்கென்று மூழ்கிவிடும் பழக்கம், இவை படத்தைவிடத் தெளிவான அடையாளங்கள்.

தோப்பில் நிலைமை தலைகீழ். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் இலை அடர்த்தியால் பறவை தெரியாது, ஆனால் பத்து மீட்டரில் கத்தும். குரல் செயலிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கைப்பேசியின் முதன்மை ஒலிவாங்கி பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பைப் பறவை இருக்கும் திசைக்குத் திருப்புங்கள், விரலால் மூடாதீர்கள். பதிவு ஓடும்போது நடக்கக் கூடாது. காய்ந்த முந்திரி இலைமேல் வைக்கும் ஒவ்வோர் அடியும் பறவைக் குரலை அழித்துவிடும். காதில் புளூடூத் கருவி மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சில கைப்பேசிகளில் பதிவு அதன் ஒலிவாங்கிக்கு மாறி, உங்கள் சட்டை உரசும் சத்தம்தான் மிஞ்சும்.

சவுக்குத் தோப்பில் காற்றின் இரைச்சல் ஓயாது. அதிகாலை, காற்று எழும் முன் போனால்தான் பயன். கடற்கரையில் அலையோசை எல்லாச் சுருதியிலும் பரவி நிற்பதால் குரல் செயலி அநேகமாகச் செவிடாகிவிடும். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்திலோ கெடிலம் கடலில் சேரும் இடத்திலோ குளிர்காலத்தில் ஓடித் திரியும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் படச் செயலிக்கும் கடினமான பாடம். ஒரே சாம்பல் நிறம், ஒரே உருவம், ஒன்றுக்கொன்று சில செ.மீ. வித்தியாசம். அங்கே கால் நிறம், அலகின் நீளம், பறக்கும்போது பிட்டத்திலும் இறக்கையிலும் தெரியும் வெள்ளை இவற்றைக் குறித்துக்கொண்டு, வீட்டில் வந்து ஒப்பிடுவதே சரி.

பிச்சாவரத்தில் படகு ஆடும், தண்ணீர் தெறிக்கும். ஜிப் வைத்த ஒளிபுகும் உறையில் கைப்பேசியைப் போட்டு, கழுத்தில் கயிறாக மாட்டிக்கொள்ளுங்கள். சதுப்புக் காட்டின் வாய்க்கால்களுக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். துடுப்புப் படகாக இருந்தால் குரல் பதிவு ஓரளவு வரும், இயந்திரப் படகில் வராது.

நான்கு வெள்ளைக் கொக்குகள்

ஒரு செயலியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் நடவு வயலுக்குப் போனால் போதும். பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு, சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு நான்கும் அங்கே வெள்ளையாக நிற்கும். படத்தில் அளவு தெரியாது. 90 செ.மீ. பறவையும் 50 செ.மீ. பறவையும் சட்டத்தை நிறைத்து வெட்டியதும் ஒரே அளவாகிவிடும். செயலிக்கு அளவு என்ற சாட்சியே போய்விடுகிறது.

மிஞ்சுவது நுணுக்கங்கள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்தப் பாதம் சேற்றுக்குள் இருந்தால் முக்கியமான சாட்சி புதைந்துவிட்டது என்று பொருள்; பறந்து எழும்வரை காத்திருந்து படமெடுங்கள். உண்ணிக்கொக்குக்குக் கட்டையான மஞ்சள் அலகு, குறுகிய கழுத்து. இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க வாய்க்கோட்டைப் பாருங்கள்: பெரியதில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்தில் கண்ணுக்குக் கீழே நின்றுவிடும். அலகு நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள்; இரண்டிலும் இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள் அலகு கறுத்துவிடும்.

இதனால்தான், ஒரு பறவைக்கு ஒரே ஓர் அழகான படம் காட்டும் செயலி தொடங்குபவருக்குப் போதாது. இனப்பெருக்கக் கோலம், சாதாரணக் கோலம், இளம்பறவை, பறக்கும் தோற்றம் என நான்கைந்தாவது வேண்டும். மடையான் அமர்ந்திருக்கும்போது மண்ணிறம், பறந்தால் வெள்ளை இறக்கை, பருவம் வந்தால் முதுகு செந்நிறம். ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் உடலெங்கும் புள்ளி. இவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டாவிட்டால், ஒரே பறவையை மூன்று பறவையாக எழுதிவைப்பீர்கள்.

வீட்டிலேயே முடித்துவிட வேண்டிய வேலை

முதல் நாள் மாலை, வைஃபை இருக்கும் இடத்தில் செயலியை இறக்குங்கள். பகுதித் தொகுப்புக்குச் சில நூறு எம்.பி. இடமாவது வேண்டும், குரல் பதிவுகளும் சேர்ந்தால் இடம் வேகமாகக் கரையும். சுருக்காத ஒற்றைத் தட ஒலிப்பதிவு நிமிடத்துக்கு 5 எம்.பி.க்கு மேல் பிடிக்கும், அரை மணி நேரத்துக்கு 150 எம்.பி.யைத் தாண்டும். 2 ஜி.பி. காலியாக வைத்திருங்கள். இருப்பிடம், ஒலிவாங்கி இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி இவற்றைப் பறவைச் செயலி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு, சன்னல் காகத்தின் குரலைப் பதியுங்கள். பெயர் வந்தால் களத்திலும் வரும். சுழன்றுகொண்டே இருந்தால், தொகுப்பு முழுதாக இறங்கவில்லை அல்லது அந்தச் செயலிக்கு இணையம் கட்டாயம். ஏரிக்கரையில் போய் இதைத் தெரிந்துகொள்வது வீண் அலைச்சல்.

அடுத்தது, நாங்கள் மிகவும் வலியுறுத்தும் சோதனை. தெரியாத பறவையைக் கொடுத்துச் செயலியைச் சோதிக்க முடியாது. அது சொல்வது சரியா என்று உங்களுக்கே தெரியாதே. நன்றாகத் தெரிந்த பத்துப் பறவைகளை எடுங்கள்: காகம், மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, செம்போத்து, வெண்மார்பு மீன்கொத்தி, மடையான், தேன்சிட்டு, கிளி, கரிச்சான். ஒவ்வொன்றுக்கும் தெளிவான படம் ஒன்று, முதுகு மட்டும் தெரியும் அல்லது நிழலுருவான படம் ஒன்று. இருபது படம். முதல் பெயரே சரியாக வந்ததா, முதல் மூன்றுக்குள் வந்ததா, தவறான பெயரை அடித்துச் சொன்னதா என்று தாளில் மூன்று கட்டம் போட்டுக் குறியுங்கள். இருபத்தொன்றாவதாக ஒரு தேங்காய் மட்டையைப் படமெடுத்துக் கொடுங்கள். அதற்கும் பறவைப் பெயர் சொல்லும் செயலியை அந்த நிமிடமே அழித்துவிடலாம். மங்கலான படத்துக்கு 'உறுதியில்லை' என்றோ, 'கொக்கு இனத்தில் ஏதோ ஒன்று' என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வது, எப்போதும் ஒரு பெயரைத் துணிந்து சொல்வதைவிட நேர்மையானது.

குரல் செயலி ஏமாறும் இடங்கள்

கரிச்சான் வைரியின் குரலை அச்சாகப் பாடிக்காட்டும். செயலி 'வைரி' என்று சொல்லும். கம்பியில் கரிச்சான்தான் உட்கார்ந்திருக்கும். அணிலின் கீச்சொலியைப் பறவை என்று புதியவர்கள் துரத்திப் போவது வழக்கம், செயலியும் சில வேளை அதற்கு ஒரு பெயர் வைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தவளைகள் சேர்ந்துகொள்ளும். மார்கழி அதிகாலையில் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால், அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பதிவதைத் தவிர வழியில்லை. செம்போத்தின் 'ஊப் ஊப்' தாழ்ந்த சுருதி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வண்டி இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. சாலையோரத்தில் நின்றால் காதுக்குக் கேட்கும் செம்போத்து செயலிக்குக் கேட்காது.

நண்பர் வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பிய பறவைக் குரலைச் செயலியிடம் போட்டுக் காட்டுவதிலும் பெரிய பயன் இல்லை. அது மனிதப் பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. தேன்சிட்டு, கதிர்க்குருவி போன்றவற்றின் உயர்ந்த சுருதி அதில் தேய்ந்துவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

செயலி பெயரைக் காட்டியதும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாதத்தில் இங்கே இது இருக்குமா? இந்த இடம் அதன் வாழிடமா? குரல் வந்த திசையில் பார்த்தபோது கண்ணுக்கும் அதுவே தெரிந்ததா? மூன்றில் ஒன்றுகூடத் தேறாத பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

செயலியில் இருக்கும் குரல் மாதிரிகளை வெளியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் பரவிவருகிறது. அதைக் கெஞ்சிக் கேட்டு நிறுத்தச் சொல்வோம். தன் எல்லைக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டதென்று பதறி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது வருகிறது. ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமானால் காதுக்கருவியில் கேளுங்கள். கூடு, ஆந்தை இருக்கும் மரம் இவற்றின் படத்தை இடக்குறிப்போடு பொதுவெளியில் போடவும் வேண்டாம்.

பெயர் என்ற சிக்கல்

நம் ஊர்ப் பெயர்கள் அழகானவை, ஆனால் செயலியோடு ஒட்டாதவை. காடை என்றால் தரையில் ஓடும் சிறு பறவை. பனங்காடை அந்தக் குடும்பமே அல்ல, கம்பியில் உட்காரும் நீலப் பறவை. கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள், வலியன் என்பார்கள், கரிக்குருவி என்பார்கள். ஆங்கிலப் பெயர்களும் நிலையாக இல்லை. அறிவியல் வகைப்பாடு திருத்தப்படும்போது அவையும் மாறுகின்றன. நம் நீலத் தாழைக்கோழியின் ஆங்கிலப் பெயரே பழைய நூல்களில் ஒன்று, இன்றைய செயலியில் வேறொன்று. சந்தேகம் வந்தால் அறிவியல் பெயரை ஒப்பிடுங்கள். பனங்காடையை 'கோராசியாஸ் பெங்காலென்சிஸ்' என்று குறித்துவைத்தால் எந்தச் செயலியிலும் நூலிலும் தேடி எடுத்துவிடலாம். பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரையும் எழுதிவையுங்கள், அது எந்தச் செயலியிலும் இல்லாத தகவல்.

களத்தில் சில நடைமுறைகள்

மே மாத வெயிலில் கைப்பேசி சூடேறித் தானாக மங்கும், துணிப்பைக்குள் வையுங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சில திரைகள் கறுப்பாகவே தெரியும், செயலி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். நடைப்பாதையைப் பதியும் வசதியும் குரல் பதிவும் சேர்ந்து ஓடினால் மின்கலம் சீக்கிரம் இறங்கும். பவர்பேங்க் கூட இருக்கட்டும். ஒரு சின்னக் குறிப்பேடும் பென்சிலும் எடுத்துப் போங்கள். மழையில் எழுத பென்சில்தான் சரி.

இ-பேர்டில் பதியத் தொடங்கும்போது 15 நிமிடப் பட்டியலாக வையுங்கள். அந்த நேரத்தில் அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகம் மைனா உட்பட, எண்ணிக்கையோடு எழுதினால் அது முழுப் பட்டியல். ஆய்வாளர்களுக்கு அதன் மதிப்பு அதிகம். ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இதே முறையில்தான். குரல் செயலி காட்டிய பெயர்களை அப்படியே இதற்குள் கொட்டக் கூடாது. நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதிசெய்தவை மட்டுமே உள்ளே போக வேண்டும்.

தேங்காய்த்திட்டுச் சேற்றிலிருந்து நாற்பது சிறிய பறவைகள் ஒன்றாக எழும்பி, வெள்ளை வயிறு மின்னத் திரும்பி, மறுகரைக்குப் போய்விடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் மங்கல். செயலி மூன்று பெயர்களைச் சொல்கிறது, மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். அந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இனம் சொல்லாமல் 'உள்ளான் வகை' என்று மட்டும் குறிக்க இ-பேர்டில் இடம் இருக்கிறது. அதைத் தட்டி, 40 என்று போட்டு, மங்கலான படத்தையும் சேர்த்துவிட்டு, இருகண்ணோக்கியை மறுகரைக்குத் திருப்புங்கள். அவை அங்கே இறங்கியிருந்தால் இந்த முறை கால் நிறத்தை முதலில் பாருங்கள்.